பன்னீரும் லாவெண்டர் எண்ணெயும் தடவிய முகம் ஏன் அரிக்கிறது?

கேள்வி: எனக்கு 34 வயது. சின்ன வயதிலிருந்தே தொட்டால் சிவக்கும் முகம். சோப்பு போட்டால் கன்னம் இழுக்கும், புது கிரீம் எதைத் தடவினாலும் எரியும். இனி கெமிக்கலே வேண்டாம் என்று எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஆலிவ் எண்ணெயில் சில சொட்டு லாவெண்டர் எண்ணெய் கலந்து இரவில் தடவ ஆரம்பித்தேன். காலையும் மாலையும் பன்னீர் ஸ்பிரே. ஒரு மாதம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது இமையிலும் மூக்கோரத்திலும் அரிப்பு, சிவப்பு, செதில். உள்ளே இருக்கும் நஞ்சு வெளியேறுகிறது, விடாமல் தடவு என்கிறாள் தோழி. தொடரலாமா? இல்லை, வேறு எண்ணெய், வேறு பூநீர் ஏதாவது எனக்குச் சேருமா? என் மகனுக்கு 3 வயது, அவனுக்குக் கரப்பான் இருக்கிறது. அவனுக்கும் இதையே தடவலாமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முதல் வேலையாக அந்த லாவெண்டர் பாட்டிலை மூடி எடுத்து வைத்துவிடுங்கள், இன்று இரவிலிருந்தே. மகனுக்கு அதைத் தொடவே வேண்டாம். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

தோழி அக்கறையில் சொல்லியிருப்பார். ஆனால் தோல் வழியாக நஞ்சு வெளியேறும் என்பது உடம்பு வேலை செய்யும் விதத்துக்குப் பொருந்தாத பேச்சு, அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. தோல் அரித்தால், சிவந்தால், செதில் விட்டால் அது தனக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறது. விடாமல் தடவினால் இன்னும் சத்தமாகச் சொல்லும், அவ்வளவுதான். இந்த 'நஞ்சு வெளியேறுகிறது' பேச்சை நம்பி ஆறு மாதம் தடவிவிட்டு, இமை தடித்துக் கறுத்துப்போய் வருபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும், முதல் வாரத்திலேயே நிறுத்தியிருந்தால் தானாகவே அடங்கியிருக்குமே என்று.

ஒரு மாதம் நன்றாக இருந்தது, அதனால் லாவெண்டராக இருக்காது என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அதன் மேல் சந்தேகம் வருவதே அந்த ஒரு மாதத்தால்தான். தோலில் இரண்டு விதமான எதிர்ப்பு உண்டு. ஒன்று எரிச்சல், பெரும்பாலும் தடவிய சில நிமிடங்களிலேயே சுர்ரென்று தெரிந்துவிடும். இன்னொன்று அலர்ஜி, இதற்கு அவசரமே கிடையாது. ஒரு பொருளை உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் எதிரி என்று பதிவு செய்துகொள்ளவே குறைந்தது பத்துப் பதினைந்து நாள், சிலருக்கு மாதக்கணக்கு, வருடக்கணக்கு ஆகும். அதுவரை எதுவும் தெரியாது. பதிவானபிறகு அதே பொருள் கொஞ்சம் பட்டாலும் ஓரிரு நாளில் அரிப்பு கிளம்பும். இன்று தடவியது நாளை மறுநாள் தெரிவதால், இடையில் சாப்பிட்டது, வெயிலில் போனது என்று வேறு எதையோ குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம். பதிவானது அழியவும் அழியாது, பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். இமையில் முதலில் தெரிந்ததும் ஒத்துப்போகிறது, உடம்பிலேயே மெல்லிய தோல் அங்கேதான். நகப்பூச்சு, ஷாம்பூ என்று வேறு எங்கோ போட்டதற்குக்கூட இமை அரிப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

லாவெண்டர் எண்ணெயில் பெரும்பங்கு லினலூல், லினலைல் அசிட்டேட் என்ற இரண்டு வாசனைப் பொருள்கள். புத்தம் புதிதாகத் திறந்த பாட்டிலில் லினலூல் சாதுவானதுதான். மூடியைத் திறந்து திறந்து மூட, உள்ளே போகும் காற்றில் அது ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஹைட்ரோபெராக்ஸைடு என்ற பொருளாக மாறும், அலர்ஜியைக் கிளப்புவது முக்கியமாக இதுதான். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் எண்ணெய்களில் இருக்கும் லிமோனீனுக்கும் இதே கதை, டீ ட்ரீ எண்ணெயும் பழசாகப் பழசாக மோசமாகும். ஜன்னலோரம் வைத்து, பாதி காலியாகி, வருடக்கணக்கில் கிடக்கும் பாட்டில் எது என்று வீட்டில் பாருங்கள். வாசனை அப்படியே இருக்கும். அதை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.

இதில் நிறையப் பேர் குழப்பிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. எண்ணெய் என்று ஒரே பெயரில் இரண்டு வேறு பொருள்களைச் சொல்கிறோம். விதையையோ பருப்பையோ பழத்தையோ பிழிந்து எடுப்பது கொழுப்பு: தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி, ஆலிவ், பாதாம் எல்லாம் இந்த வகை. லாவெண்டர், டீ ட்ரீ, புதினா, ரோஜா என்று சின்னச் சின்ன பாட்டிலில் வரும் எசென்ஷியல் ஆயிலில் கொழுப்பே கிடையாது, செடியின் வாசனைப் பொருள்களை மட்டும் வடித்து அடர்த்தியாக்கியது அது. ஒரு காகிதத்தில் சொட்டு விட்டுப் பாருங்கள், முதல் வகை எண்ணெய்க் கறையாகத் தங்கும், இரண்டாவது கொஞ்ச நேரத்தில் பெரும்பாலும் ஆவியாகிப் போய்விடும். வறண்ட தோலுக்கு முதல் வகையால் பிரயோஜனம் உண்டு. இரண்டாவது வகை மூக்குக்கு இதம், உங்களைப் போன்ற சருமத்துக்கு அதில் லாபம் எதுவும் இல்லை, ஆபத்து மட்டும் இருக்கிறது. ஒரு சதவீதம் கலந்தால் பரவாயில்லையா, அரை சதவீதமா என்று கேட்பார்கள். சுலபமாகச் சிவக்கும் முகத்துக்கு என் பதில் பூஜ்யம்தான்.

செயற்கை வாசனை சேர்க்காதது, முழுக்க இயற்கை என்று பாட்டிலில் எழுதியிருந்தால் நிம்மதியாக இருக்கும், புரிகிறது. ஆனால் தோலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, பூவிலிருந்து வந்த லினலூலும் தொழிற்சாலையில் செய்த லினலூலும் அதற்கு ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005-லிருந்து அலர்ஜி தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி லேபிளில் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது, தோலில் தங்கும் பொருளில் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே. லினலூல், லிமோனீன், ஜெரானியால், சிட்ரோனெல்லால் எல்லாம் அதில் உண்டு. 2023-ல் அந்தப் பட்டியலை எண்பதுக்கும் மேலாக நீட்டினார்கள். எங்கிருந்து வந்தது என்று அந்த விதி பார்ப்பதே இல்லை.

சரி, ஆலிவ் எண்ணெய். இதைத்தான் பலரும் பாதுகாப்பானது என்று நினைத்து முதலில் எடுக்கிறார்கள். தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று வைத்துக்கொண்டால், செத்த செல்கள் செங்கல், அவற்றுக்கு நடுவே இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள்தான் பூச்சுக் கலவை. உணர்திறன் அதிகமான தோலில் பெரும்பாலும் இந்தப் பூச்சுதான் பலவீனம். ஆலிவ் எண்ணெயில் பாதிக்கும் மேல் ஒலியிக் அமிலம். அது இந்தப் பூச்சுக்குள் புகுந்து ஒழுங்கைக் கலைத்துவிடும், மருந்துகளைத் தோலுக்குள் செலுத்த உதவும் பொருளாகவே அதைப் பயன்படுத்துகிறார்கள். 2013-ல் வெளியான இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஆய்வு ஒன்றில் பெரியவர்கள் முன்கையில் சில வாரங்கள் ஆலிவ் எண்ணெய் தடவிப் பார்த்தார்கள். தோலின் தடுப்பு பலவீனமானது, லேசாகச் சிவக்கவும் செய்தது, முன்பு கரப்பான் (எக்ஸிமா) வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும். சூரியகாந்தி எண்ணெய் தடவிய கையில் தடுப்பு கெடவில்லை, ஈரப்பதமும் கூடியது. கலந்துகொண்டவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனாலும் இதை நான் பொருட்படுத்துகிறேன், ஏனென்றால் காரணம் தெளிவாக இருக்கிறது. உங்கள் விஷயத்தில் ஆலிவ் எண்ணெய் சுவரைத் தளர்த்தி லாவெண்டர் உள்ளே போக வழி விட்டிருக்கலாம். இரண்டையும் சேர்த்துத் தடவுவது அந்த வகையில் கெட்ட கூட்டணி.

அப்படியானால் எந்த எண்ணெய்? வாசனை சேர்க்காத சூரியகாந்தி எண்ணெயை முதலில் சொல்வேன். அதில் அதிகம் இருக்கும் லினோலியிக் அமிலத்தை வைத்துத்தான் தோல் தனக்கு வேண்டிய ஒரு வகைச் செராமைடைச் செய்துகொள்கிறது. ஒன்றைக் கவனியுங்கள், 'ஹை ஒலியிக்' என்று போட்ட சூரியகாந்தி எண்ணெயும் விற்கிறது, அது ஆலிவ் பக்கம் சாய்ந்துவிடும், வேண்டாம். அடுத்தது ஜோஜோபா, கண்டிப்பாகச் சொன்னால் அது எண்ணெயே இல்லை, திரவமாக இருக்கும் மெழுகு, நம் தோல் சுரக்கும் சீபத்திலும் இந்த வகை மெழுகு உண்டு, சீக்கிரம் கெடவும் கெடாது. தேங்காய் எண்ணெய் உடம்பில் தடவ நல்லது, முகத்தில் பரு வரும் வழக்கம் இருந்தால் துளைகளை அடைத்துவிடும். கடுகு எண்ணெய் பக்கமே போகாதீர்கள், அதன் காரத்துக்குக் காரணமான பொருளே தோலை எரிக்கும். ரோஸ்ஹிப், ஆளிவிதை போன்றவை காற்று பட்டால் சீக்கிரம் கெடும், சின்ன பாட்டிலாக வாங்கி, வெளிச்சம் படாமல் வைத்து, சிக்கு வாடை வந்ததும் கொட்டிவிட வேண்டும், விலை கொடுத்து வாங்கியதாயிற்றே என்று பார்க்கக் கூடாது.

செக்கில் ஆட்டியதுதான் எப்போதும் உயர்ந்தது என்ற எண்ணத்தையும் வெடித்துப் புண்ணான தோல் விஷயத்தில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். சுத்திகரிக்காத எண்ணெயில் விதையின் புரதம் கொஞ்சம் தங்கியிருக்கும், சுத்திகரித்ததில் அது அநேகமாக இருக்காது. உடைந்த தோல் வழியாகப் போகும் உணவுப் புரதத்துக்கு உடம்பு எதிர்ப்பை வளர்த்துக்கொள்ளும். இதை ஏன் சொல்கிறேன் என்பது மகனைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

தடவும் முறையும் முக்கியம். எண்ணெயில் தண்ணீர் கிடையாது, அது ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைப் பிடித்துத்தான் வைக்கும். காய்ந்த முகத்தில் தடவினால் பளபளப்பு வரும், உள்ளே இழுப்பு அப்படியே இருக்கும். முகம் கழுவி, துண்டால் ஒற்றி எடுத்து, இன்னும் லேசாக நனைந்திருக்கும்போதே மூன்று நான்கு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி, கன்னத்தில் அழுத்தி அழுத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம், தேய்ப்பதே உங்கள் சருமத்துக்கு ஒரு தொந்தரவு. கண் ஓரம் வேண்டாம்.

இப்போது மூக்கோரத்துக்கு வருகிறேன். இமையில் இருப்பது அலர்ஜியாகவே இருந்தாலும், மூக்கின் இரு பக்க மடிப்பில் மஞ்சளும் பிசுபிசுப்புமாகச் செதில் இருந்தால், கூடவே தலையில் பொடுகும் புருவத்தில் செதிலும் இருந்தால், அது வேறாக இருக்கலாம். செபோரிக் டெர்மடைட்டிஸ் என்போம். மலசீசியா என்ற ஈஸ்ட் எல்லோர் தோலிலும் வாழ்கிறது, கொழுப்பு அமிலங்களைத் தின்றுதான் வளரும். ஆய்வுக்கூடத்தில் அதை வளர்க்க ஆலிவ் எண்ணெய் சேர்ப்பது வழக்கம், நீங்கள் அதையே இரவு முழுவதும் முகத்தில் வைத்திருக்கிறீர்கள். இந்தக் கோளாறு உள்ளவர்கள் முகத்தில் எந்தத் தாவர எண்ணெயும் தடவாமல் இருப்பதே நல்லது, சூரியகாந்தி உட்பட. அது எதுவென்று கடிதத்தில் சொல்ல முடியாது, நேரில் பார்த்தால் டாக்டருக்குத் தெரிந்துவிடும்.

பன்னீர் பற்றி. நீராவியில் பூவை வடிக்கும்போது மேலே எண்ணெயும் கீழே நீரும் பிரியும், அந்த நீர்தான் பூநீர். அதில் கரைந்திருக்கும் வாசனைப் பொருள் மிகக் குறைவு, அதனால் எசென்ஷியல் ஆயிலைவிட ரொம்பச் சாது, பெரும்பாலானவை லேசான அமிலத் தன்மையோடும் இருக்கும், தோலின் மேல்பரப்பும் அப்படித்தான். இதுவரை நல்ல செய்தி. ஆனால் கடையில் பன்னீர் என்று விற்பதெல்லாம் வடித்ததாக இருக்காது. பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ரோசா டமாசினா ஃப்ளவர் வாட்டர் என்று முதல் வரியிலேயே இருந்தால் வடித்தது. அக்வா, அப்புறம் பாலிசார்பேட், அப்புறம் பர்ஃப்யூம் என்று வரிசை போனால் தண்ணீரில் சென்ட்டைக் கரைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அதையும் கண்ணை மூடிக்கொண்டு இமை மேலேயே அடித்திருப்பீர்கள்.

வடித்த பூநீரிலும் ஒரு தலைவலி. வெறும் நீர் என்பதால் கிருமி சுலபமாக வளரும். பாட்டிலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், நூல் நூலாகவோ பஞ்சு போலவோ ஏதாவது மிதந்தால் கொட்டிவிடுங்கள். கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருள்களிலும் சில அலர்ஜி தரும். மெத்தில்ஐசோதயசோலினோன் என்று நீளமாக ஒரு பெயர் இருந்தால் அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள், தோலில் தங்கும் அழகுப் பொருள்களில் அதை ஐரோப்பிய ஒன்றியம் 2017-லிருந்து தடை செய்திருக்கிறது. சாமந்திக் குடும்பத்துச் செடிகள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சாமோமில் நீர் சேராது, அதுவும் அதே குடும்பம். விட்ச் ஹேசல் என்ற செடியின் நீர் விற்கும் பாட்டில்களில் பலதில் ஆல்கஹால் கலந்திருக்கும், வறண்ட கன்னத்துக்கு வேண்டவே வேண்டாம்.

எந்தப் பூநீராக இருந்தாலும் அடித்துவிட்டு அப்படியே காயவிட்டால் முகம் முன்பைவிட இழுக்கும், மேலே ஒன்றும் தடவாவிட்டால் ஈரம் நிற்காது. உண்மையைச் சொன்னால், நல்ல பன்னீர் செய்யும் வேலையில் பெரும்பகுதியைச் சாதாரணத் தண்ணீரே செய்துவிடும், மீதி அந்த மணம் தரும் சுகம். முகம் முழுதாகத் தேறிய பிறகு அந்த சுகம் வேண்டும் என்றால் நான் குறுக்கே நிற்க மாட்டேன், சோதித்துவிட்டு அடியுங்கள். இப்போதைக்கு இல்லை.

இப்போதைக்கு என்ன செய்வது என்றால், மூன்று நான்கு வாரம் எல்லாவற்றையும் விடுங்கள். காலையில் வெறும் வெதுவெதுப்பான தண்ணீர். இரவில் சோப்பு இல்லாத, வாசனை இல்லாத கிளென்சர், சாதாரண சோப்பின் காரத்தன்மைதான் உங்கள் கன்னத்தை இவ்வளவு காலமும் இழுத்திருக்கிறது. கழுவியதும் செராமைடு உள்ள, வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர். அதுவும் எரிந்தால் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிசாக. இதைச் சொன்னால் உங்களுக்கு ஒப்பாது என்று தெரியும், கெமிக்கல் வேண்டாம் என்று எழுதியவர் நீங்கள். ஆனாலும் சொல்கிறேன், நன்கு சுத்திகரித்த பெட்ரோலியம் ஜெல்லிக்கு அலர்ஜி வருவது மிக மிக அபூர்வம், ஈரம் வெளியேறுவதைத் தடுப்பதில் எந்தத் தாவர எண்ணெயும் அதற்கு நிகர் இல்லை. எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட அதில் எத்தனை பொருள் இருக்கிறது, வாசனை இருக்கிறதா என்பதை உங்கள் தோல் அதிகம் கவனிக்கும். வெளியே போனால் ஜிங்க் ஆக்சைடு உள்ள சன்ஸ்கிரீன், எந்த எண்ணெயும் அதற்கு ஈடாகாது. ஷாம்பூ, துணி துவைக்கும் திரவம், தலையணையில் அடிக்கும் ஸ்பிரே இவற்றிலும் லாவெண்டர் இருக்கிறதா என்று பாருங்கள், முகத்தில் நிறுத்திவிட்டுத் தலையணையில் முகம் புதைத்தால் பயனில்லை. 'அன்சென்டட்' என்று போட்டிருப்பதை நம்பி வாங்கிவிடாதீர்கள், வாசனையை மறைக்க இன்னொரு வாசனை சேர்த்திருக்கலாம், 'ஃபிராக்ரன்ஸ் ஃப்ரீ' என்று இருக்க வேண்டும், பின்பக்கப் பட்டியலும் அதையே சொல்ல வேண்டும்.

முகம் அடங்கிய பிறகு எண்ணெய் தடவ ஆசையாக இருந்தால் ஒன்றே ஒன்றை எடுத்து, முழங்கை மடிப்புக்குச் சற்றுக் கீழே, ஒரே இடத்தில், தினமும் இரண்டு வேளை, பத்து நாளாவது தடவிப் பாருங்கள். பலரும் ஒரு தடவை கையில் தடவி, அரை மணி நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று முகத்துக்குப் போய்விடுகிறார்கள். அதில் எரிச்சல் மட்டும் தெரியும், அலர்ஜி தெரியாது. லாவெண்டரை மட்டும் இப்படி வீட்டில் திரும்பச் சோதிக்காதீர்கள்.

மகன் விஷயம். கரப்பான் உள்ள குழந்தையின் தோலில் தடுப்பே ஓட்டை, எதைத் தடவினாலும் சுலபமாக உள்ளே போகும், அதனால்தான் அவனுக்கு வாசனை எண்ணெய் எதுவும் கூடாது என்கிறேன். வேர்க்கடலை எண்ணெய் கலந்த பொருள்களைக் குழந்தைகளின் புண்ணான தோலில் தடவியதற்கும் பின்னால் வந்த வேர்க்கடலை அலர்ஜிக்கும் தொடர்பு இருப்பதை 2003-ல் ஒரு பெரிய பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. அவனுக்கு ஏதாவது உணவு ஒத்துக்கொள்ளாது என்றால் அந்த உணவின் எண்ணெயைத் தோலிலும் தடவாதீர்கள். தேங்காய் எண்ணெய் பற்றி ஒரு நல்ல செய்தி இருக்கிறது, 2014-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வில் லேசான, நடுத்தரக் கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு அது மினரல் ஆயிலைவிட நன்றாக வேலை செய்தது. குளித்து முடித்துச் சில நிமிடங்களுக்குள், சிவப்பு இல்லாத இடத்தில், கொஞ்சமாக ஆரம்பிக்கலாம். ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை எண்ணெய்க்காக நிறுத்தக் கூடாது, எண்ணெய் வறட்சியைத்தான் பார்க்கும், அழற்சியை மருந்துதான் பார்க்க வேண்டும். நீர் வடிந்தாலோ, தேன் நிறத்தில் பொருக்கு கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ எதையும் தடவாமல் அன்றைக்கே காட்டுங்கள்.

உங்களுக்கும் இரண்டு வாரத்தில் இமை அடங்காவிட்டால் தோல் டாக்டரைப் பாருங்கள், இமை வீங்கினால் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஸ்டீராய்டு கிரீமை எடுத்து இமையில் தடவிவிடாதீர்கள், அங்கே தோல் சீக்கிரம் மெலியும், நீண்ட நாள் போட்டால் கண் அழுத்தமும் ஏறலாம். பேட்ச் டெஸ்ட் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். சின்னச் சின்ன வில்லைகளில் சந்தேகப் பொருள்களை வைத்து முதுகில் ஒட்டுவார்கள், 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், அடுத்த சில நாளில் மறுபடியும் பார்ப்பார்கள், இரண்டாவது முறைதான் முக்கியம், அதைத் தவறவிடாதீர்கள். அதுவரை முதுகு நனையக் கூடாது. போகும்போது லாவெண்டர், ஆலிவ் எண்ணெய், பன்னீர் மூன்றையும், ஷாம்பூவையும் சேர்த்து, லேபிளைக் கிழிக்காமல் பாட்டிலோடு எடுத்துப் போங்கள். வழக்கமான பட்டியலில் உங்கள் பொருள் இல்லாமல் போகலாம், உங்கள் பாட்டிலிலிருந்தே எடுத்துச் சோதித்தால்தான் விடை கிடைக்கும்.